யூதச் சிந்தனையில் பகுத்தறிவு: சில திருத்தங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதமும் பகுத்தறிவும் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை யூதச் சிந்தனைக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தது. தமிழ் நாளிதழ்களில் இந்தப் பொருள் தலைகாட்டுவதே அரிது. அதனாலேயே அந்த இரண்டு பத்திகளில் உள்ள பிழைகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கட்டுரை சொல்வதன் சாரம் இது: யூத மதம் காரணம் கேட்காமல் கட்டளைக்குப் பணியச் சொல்லும் மதம், அதை எதிர்த்து நூல் எழுதியதற்காக 17ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஸ்பினோசா யூதச் சபையிலிருந்து விலக்கப்பட்டார், நூறாண்டு கழித்து ஜெர்மன் யூத மெய்யியலாளர் மோசஸ் மெண்டல்சோன் சடங்குகளைக் கைவிட்டு அந்த மதத்தைப் பகுத்தறிவுக்கு ஏற்றதாக மாற்றினார். மூன்றுமே சரியல்ல.

ஸ்பினோசாவைப் பற்றியது எளிதில் திருத்தக்கூடியது. ஆம்ஸ்டர்டாமின் போர்த்துக்கீசிய யூதச் சபை 1656 ஜூலை 27 அன்று அவரை விலக்கியபோது அவருக்கு வயது 23. அதுவரை ஒரு நூலையும் அவர் வெளியிட்டிருக்கவில்லை. விலக்கு ஆணை அருவருப்பான கொள்கைகள், கொடுஞ்செயல்கள் என்று பொதுவாகச் சாடுகிறதே தவிர, எந்தக் கொள்கை, எந்தச் செயல் என்று ஒன்றையும் குறிப்பிடவில்லை. வேதநூலை ஆராயும் அவருடைய இறையியல்-அரசியல் ஆய்வுரை 1670இல்தான் வந்தது. அதிலும் ஆசிரியர் பெயர் இல்லை, அச்சான ஊரின் பெயரும் பொய். ஒழுக்கவியல் நூல் 1677இல் அவர் இறந்த பிறகு வெளிவந்தது. நூலுக்காக விலக்கப்பட்டார் என்பது காலக்கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது.

இதைவிடப் பெரிய பிழை, கேள்வியையே மாற்றிப் போட்டது. கிறிஸ்தவ ஐரோப்பாவில் மதமும் அறிவும் மோதிக்கொண்ட இடம் பெரும்பாலும் கோட்பாடு: மூவொருமையை ஏற்கலாமா, அற்புதங்களை நம்பலாமா என்பவை. யூதர்களிடையே அந்தச் சண்டை கட்டளையைச் சுற்றி நடந்தது. மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் 613 கட்டளைகள் என்பது மரபுக் கணக்கு. அவற்றுக்குக் காரணம் உண்டா? காரணம் தெரிந்த பிறகுதான் செய்ய வேண்டுமா? காரணம் காலாவதியானால் கட்டளையும் போய்விடுமா? பொருளில் கருத்து வேறுபட்டால் தீர்ப்புச் சொல்வது யார்? நவீன யூதச் சிந்தனையாளர்கள் பலரும் இந்தக் கேள்விகளுக்குத்தான் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இதைப் பிடித்துக்கொள்ளாமல் படித்தால் மெண்டல்சோனும் புரியமாட்டார், இருபதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு யூத மெய்யியலாளர் லெவினாஸும் புரியமாட்டார்.

காரணம் கேட்பது நவீன காலத்தில் நுழைந்த பழக்கமும் இல்லை. எகிப்தின் ஃபயூமில் 882இல் பிறந்து, பாக்தாத்தில் சூரா கல்விக்கழகத்தின் தலைவராக இருந்த சாதியா காவோன், 933இல் அரபு மொழியில் எழுதிய மெய்யியல் நூலில் கட்டளைகளை இரண்டாகப் பிரித்தார். அறிவே வற்புறுத்துபவை ஒரு வகை: கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே. சொல்லப்பட்டதால் மட்டுமே தெரியவருபவை மறுவகை: ஓய்வுநாள், உணவு விலக்குகள் போன்றவை. அறிவாலேயே உண்மையை அடைய முடியுமென்றால் தீர்க்கதரிசி எதற்கு என்று அவரே கேட்டு, ஒரு கணக்கை முன்வைக்கிறார். ஒருவரிடம் 1000 திர்ஹாம் இருக்கிறது. ஐந்து பேருக்குத் தலைக்கு 20, ஆறு பேருக்குத் தலைக்கு 16⅔, ஏழு பேருக்கு 14 2/7, எட்டுப் பேருக்கு 12½, ஒன்பது பேருக்கு 11 1/9 என்று கொடுத்துவிட்டார். கையில் மீதி எவ்வளவு? உட்கார்ந்து போட்டால் விடை வரும்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் 100 போயிருக்கிறது, ஆக 500 போக மீதி 500. ஆனால் அதற்கு நேரம் வேண்டும், பின்னம் தெரிந்திருக்க வேண்டும். விடை அறிந்த ஒருவர் 500 என்று சொல்லி, மீதிக் காசைத் தராசில் நிறுத்தும் காட்டிவிட்டால் உடனே ஏற்றுக்கொள்ளலாம். கணக்குப் போடும் வேலையை அவரவர் வேகத்தில் பிறகு முடித்துக்கொள்ளலாம். இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

வராவிட்டால்? அதற்கும் சாதியா இடம் வைத்திருக்கிறார். திருடு, விபசாரம் செய் என்று கடவுள் சொன்னதாக ஒருவர் வந்து அறிவித்தால், அவரிடம் அற்புதம் காட்டச் சொல்லிக் கேட்கவே கூடாது; அறிவு விலக்கிய ஒன்றை அற்புதம் மெய்யாக்காது. அதே சமயம், அறிவு பொதுவிதியோடு நின்றுவிடும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். திருடக்கூடாது என்று அறிவு சொல்லும். ஒரு பொருள் எந்தக் கணத்தில் ஒருவருக்குச் சொந்தமாகிறது என்று அது சொல்லாது. பணம் கொடுத்தபோதா, கையில் எடுத்தபோதா? அந்த வரையறை இல்லாமல் திருட்டு என்ற சொல்லுக்கே பொருளில்லை. சட்டம் வேலை செய்யும் இடம் இது.

12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞரும் மெய்யியலாளருமான மைமோனிடிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1190ஐ ஒட்டி எழுதி முடித்த மெய்யியல் நூலில், கட்டளைகளுக்குக் காரணமே கிடையாது என்று நினைப்பது உள்ளத்தின் நோய் என்றார். பலியிடும் சடங்குகூட, எகிப்தில் அதற்குப் பழகிவிட்ட மக்களை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால் தரப்பட்ட சலுகை என்று விளக்கினார். இவ்வளவு துணிந்தவர், விவரங்களுக்குக் காரணம் தேடுவதை மட்டும் மறுத்தார். ஏன் ஏழு ஆட்டுக்குட்டி, ஏன் எட்டு இல்லை என்று கேட்டால், எட்டாக இருந்திருந்தாலும் இதே கேள்விதான் வரும். ஏதாவது ஓர் எண் இருந்தே ஆக வேண்டும். பொதுவிதிக்குக் காரணம் உண்டு, எண்ணுக்கு இல்லை. சடங்கின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அறிவியல் காரணம் கண்டுபிடித்துத் தரும் எழுத்துகள் எல்லா மதங்களிலும் பெருகியிருக்கும் இந்நாளில் இந்த ஒரு பத்தியை மட்டும் தனியாக மொழிபெயர்த்துப் போட்டால்கூடப் பயன்.

தீர்ப்புச் சொல்வது யார் என்ற கேள்விக்கு, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதில் உள்ள அடுப்புக் கதையைக் கட்டுரையும் தொட்டிருக்கிறது. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டது. பாபா மெட்சியா பகுதியில், 59ஆம் ஏட்டின் பின்புறத்தில் வரும் கதை அது. அடுப்புக்கு எபிரேயத்தில் தன்னூர் என்று பெயர். நமக்குத் தெரிந்த தந்தூருக்குச் சொந்தக்காரச் சொல். மண்ணாலான முழுக் கலம் தீட்டுப்படும், உடைந்த கலம் படாது என்பது விதி. ஓர் அடுப்பை வளையம் வளையமாக வெட்டி, இடையிடையே மணல் வைத்து அடுக்கியிருக்கிறார்கள். இது முழுக் கலமா, உடைந்ததா? தீட்டுப்படாது என்கிறார் ரபி எலியேசர். மற்றவர்கள் படும் என்கிறார்கள். அவர் பக்கம் சாட்சியாக ஒரு மரம் இடம் பெயர்கிறது, வாய்க்கால் நீர் பின்னோக்கி ஓடுகிறது, கல்விக்கூடத்தின் சுவர்கள் சாய்கின்றன, கடைசியில் வானத்திலிருந்து குரலே வருகிறது. ரபி யோசுவா எழுந்து நின்று உபாகமத்தின் ஒரு சொற்றொடரைச் சொல்கிறார்: அது வானத்தில் இல்லை. சட்டம் தரப்பட்டாயிற்று, இனிப் பெரும்பான்மையே முடிவு செய்யும். கடவுள் சிரித்து, என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்றாராம்.

கட்டுரை இந்த இடத்தோடு நிறுத்தி, இதைத் தனிமனிதப் பகுத்தறிவின் வெற்றி என்று எழுதுகிறது. கதை தொடர்கிறது. தோற்ற எலியேசரை அதே பெரும்பான்மை விலக்கி வைக்கிறது. தூய்மையென அவர் தீர்ப்பளித்த பொருள்களைக் கொண்டுவந்து எரிக்கிறது. அவருடைய வேதனையால் பயிர்கள் அழிகின்றன. அவரை விலக்கிய சபைத் தலைவர், அவருடைய மனைவியின் சொந்தச் சகோதரர், இறந்துபோகிறார். இந்தக் கதை தல்மூதில் இடம்பெற்றிருப்பதே சொல்லால் ஒருவரைப் புண்படுத்துவது பற்றிய விவாதத்தில்தான். வென்றது தனிமனித அறிவன்று, ஒரு நடைமுறை. அந்த நடைமுறை ஒரு நேர்மையான மனிதரை எப்படி நசுக்கும் என்பதையும் அதே ஏடு ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

இப்போது மெண்டல்சோன். சடங்குகளைக் கைவிட்டவர் என்பது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. 1729இல் தேசாவில் பிறந்து, 14 வயதில் தம் ஆசிரியரைத் தேடி பெர்லின் வந்து, பட்டுத் தொழிற்சாலையில் கணக்கெழுதிப் பிழைத்து, 1763இல் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் பரிசை வென்றவர். அந்தப் போட்டியில் அவருக்கு அடுத்த இடத்தில் நின்றவர் இமானுவேல் காண்ட். இவ்வளவுக்கும் நடுவில் ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் கடைசிவரை கடைப்பிடித்தார். சட்டத்தைக் கைவிட்டால்தான் குடியுரிமை என்றால் குடியுரிமையைத்தான் விடவேண்டும் என்று 1783இல் வெளியிட்ட ஜெருசலேம் என்ற நூலில் எழுதியவர் அவர்.

அந்த நூலின் வாதம் ஸ்பினோசாவுக்கு எழுதிய பதில் என்று எடுத்துக்கொண்டால் தெளிவாகும். மோசேயின் சட்டம் எபிரேய அரசின் சட்டம், அரசு வீழ்ந்தபோதே அதன் கட்டாயமும் வீழ்ந்தது என்றார் ஸ்பினோசா. மெண்டல்சோன் ஸ்பினோசாவின் முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறார்: சினாய் மலையில் தரப்பட்டது சட்டம், கோட்பாடு இல்லை. நம்பு, நம்பாதே என்று தோராவில் ஒரு கட்டளையும் கிடையாது. செய், செய்யாதே என்றுதான் இருக்கிறது. நம்பிக்கை என்று பெயர்க்கப்படும் எமுனா என்ற சொல்லின் பொருள் உறுதி, பற்றுறுதி. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் போர் நடக்கும்போது மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை நிலையாக நின்றன என்ற இடத்தில் வருவது அதே சொல். கடவுள் இருக்கிறார், ஆன்மா அழியாது என்பன போன்ற நிலையான உண்மைகள் அறிவாலேயே எல்லா மக்களுக்கும் எட்டக்கூடியவை. எட்டாதென்றால், ஐரோப்பியர் மனமிரங்கி ஆள் அனுப்பும்வரை இரு இந்தியாக்களும் காத்துக்கிடக்க வேண்டுமா என்று கேட்கிறார். கிழக்கிந்தியாவையும் மேற்கிந்தியாவையும் சொல்கிறார். பெர்லினில் குடியிருக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த ஒரு யூதர் 1783இல் நமக்காக எழுதிய வரி இது. அதே நூலில் இன்னொரு நாட்டாரின் வழிபாட்டைத் தூரத்திலிருந்து பார்த்து உருவ வழிபாடு என்று முத்திரை குத்தாதீர்கள், அது அவர்களுக்கு வெறும் எழுத்தாக இருக்கலாம் என்று எச்சரிக்கிறார். அங்கே அவர் எடுத்துக்காட்டுவது இந்துக்களைப் பற்றி ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய குறிப்பு.

உண்மைகள் எல்லோருக்கும் பொது என்றால் யூதருக்குத் தனிச் சட்டம் எதற்கு? இங்கே அவர் தரும் விடை மிகவும் நுட்பமானது. உண்மையைப் படத்தால் குறித்தால் நாளடைவில் மக்கள் படத்தை வணங்கத் தொடங்குவார்கள். எழுத்தால் குறித்தால் ஏட்டோடு முடங்கி, கற்பவர் ஆசிரியரை நாட வேண்டிய தேவையே போய்விடும். செயல் அப்படியில்லை. செய்து முடித்ததும் அது மறைந்துவிடுகிறது. வணங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் செய்யும்போது பார்க்கும் பிள்ளை, இதை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து பேச்சு பிறக்கும். சடங்கு, உயிருள்ள எழுத்து.

இந்த வாதம் உடையும் இடமும் உண்டு. சட்டத்தைத் தந்தவர் கடவுள், அதை ரத்துசெய்ய அவரால் மட்டுமே முடியும், அதுவும் தந்ததைப்போலவே எல்லோரும் அறிய நடக்க வேண்டும் என்கிறார். அதாவது சட்டத்தின் கட்டாயம் முழுவதும் ஒரு வரலாற்றுச் சாட்சியத்தின் மேல் நிற்கிறது. அடுத்த நூற்றாண்டில் வேதநூல் ஆய்வு கைவைத்தது சரியாக அந்தத் தூணில்தான். யூத மதத்தில் கோட்பாடே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. மைமோனிடிஸ் 13 அடிப்படைகளை வகுத்தவர்; கடவுளுக்கு உடல் இல்லை என்பதைப் பாமரரும் அறிந்தாக வேண்டும் என்றவர். வளர்ந்து ஆளான ஆறு பிள்ளைகளில் நால்வர் கிறிஸ்தவரானதை மெண்டல்சோனின் மெய்யியலின் தோல்வியாகக் காட்டுவதும் வழக்கம். அது நேர்மையான வாதமாக எனக்குப் படவில்லை. ஞானஸ்நானம் பெறாத யூதருக்கு அன்றைய பிரஷ்யாவில் அரசுப் பணியும் பல்கலைக்கழகப் பதவியும் எட்டாக்கனியாக இருந்ததை விட்டுவிட்டு ஒரு நூலின் மேல் பழி போடக் கூடாது.

காண்ட் 1793இல், யூத மதம் மதமே இல்லை, ஓர் அரசியல் சட்டத் தொகுப்பு என்று எழுதினார். ஸ்பினோசாவின் கருத்து மெண்டல்சோன் வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்து இப்படித் திரும்பி வந்தது. காண்டின் மெய்யியலையே கையிலெடுத்து அதற்குப் பதில் சொன்னவர் மார்புர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்மன் கோஹன். கட்டுரையில் இவர் பெயரே இல்லை. மோசேயின் சட்டம் யூதர்களுக்கிடையே மட்டுமே பொருந்தும் என்று பேசிய பள்ளி ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில், 1888இல் மார்புர்க் நீதிமன்றத்துக்கு நிபுணர் அறிக்கை எழுதித் தந்தவர். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் பிறனை நேசி என்பதோடு நிற்காமல், உங்கள் நடுவே வாழும் அந்நியனையும் உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள் என்று வருவதை அவர் சுட்டிக்காட்டினார். அந்நியனைக் காணும்போதுதான், பக்கத்தில் நிற்கும் ஒருவன் சகமனிதன் ஆகிறான் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. அவர் இறந்த மறு ஆண்டு, 1919இல், வெளிவந்த பெருநூலின் தலைப்பு அவருடைய முறையையே சொல்கிறது: யூத மூலநூல்களிலிருந்து அறிவின் மதம். அறிவு மூலநூல்களுக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. அவற்றுக்குள் புகுந்து தன்னைத் தேடி எடுக்கிறது. ஜெர்மன் பண்பாடும் யூத அறமும் ஒன்றுக்கொன்று துணை என்று இறுதிவரை நம்பியவர் கோஹன். அவருடைய மனைவி மார்த்தா 1942இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.

கோஹனிடம் பயின்ற ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் பற்றிக் கட்டுரை சொல்வது பெரும்பாலும் சரி. விடுபட்டது ஒன்று. 1923இல் சக யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபருக்கு எழுதிய திறந்த மடலில், நீங்கள் யூதக் கல்வியைப் புதுப்பித்தீர்கள், சட்டத்தை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டீர்கள் என்று குறைபட்டுக்கொண்டார். வெளியிலிருந்து பார்க்கும்போது சட்டமாகத் தெரிவது, செய்யும்போது ஒருவரை நோக்கிச் சொன்ன கட்டளையாக மாறும் என்பது அவர் வாதம். பூபர் அதை ஏற்கவில்லை.

காரணம் கேட்காத சட்டம் என்று கட்டுரை ஓய்வுநாளை உதாரணம் காட்டுகிறது: மின்விளக்கைக்கூடப் போடக் கூடாதாம், தோரா அப்படிச் சொல்கிறதாம். தோராவில் மின்சாரம் ஏது? ஓய்வுநாளில் விலக்கப்பட்டவை 39 தொழில்வகைகள் என்று, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா கணக்கிடுகிறது. வேலை என்று மொழிபெயர்ப்பதால்தான் குழப்பம். வீட்டுக்குள் கனமான மேசையை இழுத்துப் போடுவது அந்த 39இல் சேராது. இரண்டு எழுத்து எழுதுவது சேரும். அப்படியானால் மின்சாதனத்தை இயக்குவது எந்த வகையில் சேரும்? குண்டு பல்பில் உலோக இழை பழுக்கச் சூடாகிறது. உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சுவது தீமூட்டலின் கிளை என்று மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் முன்பே எழுதியிருக்கிறார். ஆகவே குண்டு பல்ப் தெளிவு. மின்விசிறி? அதில் எதுவும் பழுக்கவில்லை. ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட சட்ட அறிஞர் அவ்ராஹாம் கரெலிட்ஸ், சுற்றை இணைப்பதே ஒரு செயலற்ற பொருளை முழுமையாக்குகிறது, அது கட்டுதல் வகையைச் சேரும் என்றார். இன்னொரு சட்ட அறிஞர் ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் மறுத்தார். மின்சாரத்தைப் பற்றி 1935இலேயே தனி நூல் எழுதியவர் அவர். ஒரு நாளில் பலமுறை இணைத்துப் பிரிப்பதற்காகவே செய்யப்பட்டதைக் கட்டுதல் என்று எப்படிச் சொல்வது, கதவைத் திறந்து மூடுவது கட்டுதலா என்பது அவர் கேள்வி. ஒளியோ வெப்பமோ இல்லாத இடத்தில் மூலச்சட்டத்தின்படி தடை இல்லை, ஆனாலும் மக்களின் வழக்கம் தடையாக நிலைத்துவிட்டது என்று முடித்தார். இழையே இல்லாத எல்இடி விளக்கு வந்தபின் தீமூட்டல் வாதம் அங்கே பொருந்துமா என்று மீண்டும் விவாதம் எழுந்தது. முடிவு பிடிக்கிறதோ இல்லையோ, இதைக் காரணம் கேட்காத மதம் என்று சொல்ல முடியாது. காரணம் கேட்கும் எல்லையைத்தான் விவாதிக்கலாம்: வகைகளுக்குள் எதையும் கேட்கலாம், வகைகளை ஏன் ஏற்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த எல்லையை மெய்யியலாக்கியவர் ஜோசப் சொலவேச்சிக். கோஹனின் அறிவுக் கோட்பாட்டைப் பற்றி பெர்லினில் ஆய்வு செய்து 1932இல் பட்டம் பெற்றவர். 1944இல் எழுதிய நீண்ட கட்டுரையில், சட்ட அறிஞரைக் கணிதவியலாளரோடு ஒப்பிடுகிறார். கணிதவியலாளர் வட்டத்தை உலகத்தில் தேடி எடுப்பதில்லை. வரையறையோடு உலகத்திடம் வருகிறார். சட்ட அறிஞர் ஓர் ஊற்றைப் பார்க்கிறார். தூய்மைக் குளியலுக்கான தொட்டியில் தேங்கிய மழைநீராக இருந்தால், பழைய கொள்ளளவில் 40 செயா வேண்டும். இன்றைய அளவில் வெவ்வேறு கணக்குகளின்படி சுமார் 332 முதல் 573 லிட்டர். ஊற்றுக்கு அந்த அளவு தேவையில்லை, ஓடும்போதே தூய்மையாக்கும். அவர் கண்ணுக்கு முதலில் தெரிவது இந்த விதிகள்தான். அழகும் சிலிர்ப்பும் பிறகு வருகின்றன.

இதற்கு மறுமுனையில் நின்றவர் யெஷயாஹு லெய்போவிட்ஸ். ரிகாவில் 1903இல் பிறந்து ஜெருசலேமில் 1994இல் இறந்த உயிர்வேதியியலாளர். ஓய்வுநாளை வழுவாமல் காத்தவர். மதம் உலகத்தைப் பற்றி ஒரு தகவலும் தருவதில்லை. படைப்பின் தேதியையும் உயிரினங்களின் தோற்றத்தையும் ஆய்வுக்கூடத்திடம் விட்டுவிடுங்கள் என்றார். பன்றி உடம்புக்கு ஆகாது, ஓய்வு மனதுக்கு நல்லது என்று கட்டளைக்குப் பயன் சொல்பவர், கடவுளுக்குப் பதில் தம் உடம்பையும் மனதையும்தான் வழிபடுகிறார் என்பது அவருடைய கடுமையான தீர்ப்பு. அறிவியலும் மதமும் மோத இடமே இல்லாமல் போகிறது. அந்த அளவில் வாதம் கச்சிதம். ஆனால் கட்டளை அநீதியாகத் தோன்றும்போது பேசுவதற்கு அந்த மதத்தின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், லெய்போவிட்ஸிடம் பதில் இல்லை என்றே நான் கருதுகிறேன். சாதியாவிடம் இருந்தது.

கடைசியாகச் சொற்கள். தமிழில் பகுத்தறிவு என்றால் தன்மான இயக்கத்தின் வழியாக வந்த பொருள்தான் முதலில் மனதில் தோன்றும்: கடவுள் மறுப்பு, சடங்கு மறுப்பு. அந்தப் பொருளுக்கு அதற்கே உரிய வரலாறும் மதிப்பும் உண்டு. ஆனால் மெண்டல்சோனும் கோஹனும் பேசுவதை அதே சொல்லால் பெயர்த்தால், அவர்கள் மதத்தை விட்டு வெளியேறியவர்களாகத் தெரிகிறார்கள். கட்டுரையின் மூன்றாவது பிழை இப்படித்தான் நேர்ந்திருக்கும். அங்கே அறிவு என்றே எழுதினால் போதும். தோராவைத் தமிழ் விவிலியத்தைப் பின்பற்றி நியாயப்பிரமாணம் என்று எழுதினால், போதனை என்ற அதன் வேர்ப்பொருள் மறைந்துவிடுகிறது. தோரா என்றே விடலாம்.

யாத்திராகமம் 24:7இல் சினாய் அடிவாரத்தில் மக்கள் சொல்லும் விடைக்கு இம்மானுவேல் லெவினாஸ் தம் தல்மூத் உரைகளில் ஒன்றையே ஒதுக்கினார். எபிரேயத்தில் இரண்டே சொற்கள்: நஅசே வெநிஷ்மா. செய்வோம், கேட்போம். கேட்பதற்கு முன்பே செய்வதாக ஒப்புக்கொள்வது அறிவுக்கு அடுக்குமா? முதலில் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுப்பேன் என்பதை அவர் சபலத்தின் சபலம் என்றார். பசித்த ஒருவன் எதிரே நிற்கும்போது உன் கோரிக்கையை ஆராய்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவன், ஆராயத் தொடங்குமுன்பே தவறிவிட்டான். தமிழ் விவிலியம் இந்த இரண்டாவது சொல்லைக் கீழ்ப்படிதல் என்று பெயர்த்திருக்கிறது. கட்டுரையும் அதையே எடுத்துக்கொண்டு, குருட்டுக் கீழ்ப்படிதலுக்குச் சான்றாகக் காட்டிவிட்டது. எபிரேயச் சொல்லில் காதால் கேட்பது, விளங்கிக்கொள்வது, சொல்லுக்கு இணங்குவது மூன்றும் அடங்கும். நம் கேள் என்ற சொல்லிலும் பேச்சைக் கேட்பது உண்டு, சொற்படி கேட்பது உண்டு. போதாததற்கு, ஏன் என்று கேட்பதும் உண்டு. கட்டுரைத் தொடர் நூலாகும்போது அந்த வரியைச் செய்வோம், கேட்போம் என்றே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
மதுரை